காசு கொடுத்து வாங்கிய தாயத்துப் பெட்டியும் வீட்டில் கிடந்த நூல்கண்டும்

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. வீடு மாறியதிலிருந்து அவளுக்குத் தனி அறை, தனிக் கட்டில், ஆனால் தூக்கம்தான் இல்லை. விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது என்பாள், அக்கா போய்ப் பக்கத்தில் படுத்த பிறகுதான் கண் மூடுவாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது அவளே கேட்டாள்: "சித்தி, எனக்கு ஒரு தாயத்து வேணும். ஆனா கடையில வாங்கினது வேணாம், நானே செய்யணும்."

அந்த "நானே"வுக்காகத்தான் இணையத்தில் தேடி, 'உங்கள் தாயத்தை நீங்களே செய்யுங்கள்' என்று விற்கிற ஒரு பெட்டியை வரவழைத்தேன். இதே சரக்கை ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. உள்ளே என்ன இருக்கிறது, அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்காக வாங்க நினைக்கிறவர்கள் நடுவில் உலோகத்தைப் பற்றியும் காந்தத்தைப் பற்றியும் எழுதியிருப்பதையாவது படித்துவிடுங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஒன்று மெழுகு வில்லைக்கு, இன்னொன்று முடிச்சு போடும் முறையைப் படம் போட்டுக் காட்டியிருக்கும் ஒரே ஒரு பக்கத்துக்கு. மீதி எல்லாவற்றுக்கும் பதில் வீட்டிலேயே இருக்கிறது, அதுவும் இதைவிட நன்றாகவே இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. திருகு மூடி போட்ட சின்ன உலோகக் குப்பி ஒன்று, மூன்று நிறத்தில் நைலான் கயிறு, ஒரு பொட்டலம் கண்ணாடி மணி, நாலைந்து வழவழப்பான கற்கள், மெழுகு வில்லை, காந்தக் கொக்கி ஒரு ஜோடி, ஏற்கெனவே கோடும் வட்டமும் நட்சத்திரமும் அச்சடித்த தாள்கள், ஒரு கையேடு. குப்பியைக் கையில் எடுத்த உடனே விரலில் சுருக்கென்றது. வாய்ப்பக்கம் பிசிறு அப்படியே இருக்கிறது, ஒருவரும் அதைத் தேய்த்து மழுக்கவில்லை. மூடியின் மரையும் சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டு சுற்று சுற்றினால் வழுக்கிக்கொண்டு மறுபடி முதலுக்கே வருகிறது. இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை ஓடி ஆடினால் மூடி ஒரு பக்கம் போகும், உள்ளே வைத்தது ஒரு பக்கம் போகும்.

அதைவிட எனக்கு வருத்தம், அது என்ன உலோகம் என்று பெட்டியில் எங்கேயும் போடவில்லை. 'புனித உலோகம்' என்று மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். தோலை ஒட்டி, வியர்வையில் நனைந்து, மாதக்கணக்கில் கிடக்கப்போகிற பொருள் இது. செம்பு என்றால் வியர்வையோடு சேர்ந்து தோலில் பச்சைக் கறை விடும், அது கழுவினால் போய்விடும், கவலை இல்லை. நிக்கல் கலந்திருந்தால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். ஈயம் என்றால் விளையாட்டே இல்லை. 2006இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், இலவசமாக வந்த ஒரு கைச்சங்கிலியில் தொங்கிய இதய வடிவ உலோகத் துண்டை விழுங்கி ஈய நஞ்சால் இறந்தான். சோதித்தபோது அந்தத் துண்டில் 99 சதவீதம் ஈயம். பார்ப்பதற்கு வெள்ளி மாதிரிதான் இருந்திருக்கும். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காப்பாற்றுவதற்கென்று கட்டுகிற பொருளே பிள்ளைக்குக் கேடாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன், 'உயர்தர உலோகம்' என்று ஒரு வரி பதில் வந்தது. குப்பியை அன்றைக்கே எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

காந்தக் கொக்கியையும் அதே இடத்துக்கு அனுப்பினேன். சின்னச் சின்னதாக, பயறு அளவில் இரண்டு காந்தங்கள், ஒன்றையொன்று பார்த்தால் டப்பென்று ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து இறுக்கி ஓட்டை போட்டுவிடும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதை ஏன் அனுப்புகிறார்கள் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

சரி, தாள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு முதலில் பிடித்தது அதுதான், பொன்னிறத்தில் மின்னியது. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் கேட்டாள்: "இதுல என் பேரே இல்லையே சித்தி?" கையேட்டைப் புரட்டினேன். எழுதுவதற்கு இடமே விடவில்லை. இந்தத் தாளைச் சுருட்டிக் குப்பியில் போட்டு மூடினால் தாயத்து தயார் என்கிறார்கள். அதாவது செய்யவேண்டிய ஒரே காரியத்தை அவர்களே அச்சகத்தில் செய்து அனுப்பிவிட்டார்கள். தாயத்தைக் குறிக்கிற டாலிஸ்மன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் அரபு வழியாக டெலெஸ்மா என்ற கிரேக்கச் சொல்லில் நிற்கிறது, 'செய்து முடித்தது', 'நிறைவேற்றியது' என்ற பொருளிலிருந்து பிறந்த சொல். நம்முடைய 'காப்பு' என்ற சொல்லும் அப்படித்தான், காக்கிற செயலுக்கும் அதே பெயர், கையில் கிடக்கிற வளையத்துக்கும் அதே பெயர். இரண்டு சொல்லிலும் ஒருவர் உட்கார்ந்து ஏதோ ஒன்றைச் செய்கிறார். இந்தப் பெட்டியில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

1979இல் எருசலேமில் கேட்டெஃப் ஹின்னோம் என்ற இடத்தில் கேப்ரியல் பார்க்கே என்ற தொல்லியலாளர் பழைய கல்லறைகளைத் தோண்டியபோது இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. சுமார் 2600 ஆண்டுப் பழசு. விரித்துப் பார்த்தால் பெரியது 10 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை, சின்னது நாலு சென்டிமீட்டர். சுருண்டு இறுகியிருந்ததை உடையாமல் விரிக்க மட்டும் வருடக்கணக்கில் பாடுபட்டார்கள். உள்ளே கூர்முனையால் கீறி எழுதியிருந்தது ஒரு வாழ்த்து, 'உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக' என்று தொடங்குகிறது. யாரோ ஒருவர் அந்த மெல்லிய தகட்டின் மேல் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகக் கீறியிருக்கிறார், பிறகு யாரும் படிக்க முடியாதபடி சுருட்டியிருக்கிறார். இந்த இரண்டும்தான் தாயத்து என்பது என் எண்ணம். எழுதவேண்டும், எழுதியதை மூடவேண்டும். வெள்ளித் தகடு இல்லாவிட்டால் போகிறது, தாள் போதும்.

அதனால் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வீட்டில் கிடந்ததை எடுத்தோம். கோடு போடாத ஒரு தாள், பென்சில், ஒரு தீக்குச்சி, பாட்டியின் பழைய புடவையில் கிழிந்துபோன பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, தையலூசி, பருத்தி நூல்கண்டு, அப்பாவின் சட்டையிலிருந்து விழுந்து டப்பாவில் கிடந்த ஒரு பொத்தான். பெட்டியிலிருந்து மெழுகு வில்லையையும், அவள் ஆசைப்பட்டாள் என்று மூன்று நீல மணிகளையும் எடுத்துக்கொண்டோம்.

பேனா வேண்டாம், பென்சில்தான். இதை அனுபவத்தில் சொல்கிறேன், ஜெல் பேனாவால் எழுதிய ஒரு சீட்டை ஒரு தடவை மழையில் நனையவிட்டு மை முழுவதும் கரைந்துபோனது. பென்சிலில் இருப்பது கிராஃபைட், கரி வகை, தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது. தாளை இரண்டு விரல் அகலத்தில் கத்தரித்துக் கொடுத்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இடது கையால் மறைத்தபடி எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். நடுவில் ஒரு தடவை பென்சில் முனை உடைந்து, சீவி வாங்கிக்கொண்டு போய் மறுபடி எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

சுருட்டுவதில்தான் சூட்சுமம். தாளின் ஓரத்தைத் தீக்குச்சியின் மேல் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்தத்தில் உருட்டவேண்டும், தளர்ந்தால் புனல் மாதிரி ஒரு பக்கம் நீண்டுகொண்டு போகும். அவளுக்கு மூன்று தடவை அப்படித்தான் போயிற்று, நாலாவது தடவை நேராக வந்தது. குச்சியை உருவிவிட்டு, சுருளை நூலால் நெருக்கமாக ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டினோம். அப்புறம் மெழுகு. இதை மட்டும் நான் செய்தேன், சூடு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், நேராக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தில் சின்னக் கிண்ணத்தை மிதக்கவிட்டால் மெதுவாக உருகிவிடும். இடுக்கியால் பிடித்துச் சுருளை ஒரு முக்கு, ஆறவிட்டு இன்னொரு முக்கு. வெளியே எடுத்ததும் ஒரு வினாடி கண்ணாடி மாதிரி மின்னி, அப்படியே பால் நிறத்துக்கு மங்கி இறுகியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். இந்தப் பெட்டியில் எனக்கு முழு மனதோடு பிடித்தது இந்த வில்லைதான், கலப்படமில்லாத தேன்மெழுகு மாதிரிதான் மணந்தது, ஒட்டலாக இல்லை, விரிசல் விடவில்லை. ஆனால் மெழுகுவத்தித் துண்டு இருந்தாலும் காரியம் நடக்கும், அது கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மீதி மெழுகில் நூலை இழுத்து எடுத்தோம். வில்லையின் ஓரத்தில் நூலை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இரண்டு தடவை இழுத்தால் போதும், பிறகு விரல் நுனிகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் விரல் சூட்டிலேயே மெழுகு உள்ளே இறங்கிவிடும். பெட்டியில் கொடுத்த நைலான் கயிறு பார்க்கப் பளபளப்பு, ஆனால் முடிச்சு நிற்கவே இல்லை, வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. முனையைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டச் சொல்கிறது கையேடு, அந்த உருகிய முனை ஆறினால் முள் மாதிரி கழுத்தில் குத்தும். பருத்தி நூலுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நனைந்தால் பருத்தி இற்றுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் ஈரத்தில் பருத்தி இழைக்கு வலு கூடத்தான் செய்யும். ஈரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தால்தான் மக்கும். மூன்று இழை சேர்த்துப் பின்னினோம்.

புடவைத் துண்டைச் சின்னப் பையாக அவளே தைத்தாள், ஓட்டுத் தையல், கொஞ்சம் கோணல். கோணலைப் பிரித்துத் தைக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், அதன் மேலேயே இன்னொரு வரிசை தைக்கச் சொன்னேன். பையின் வாய்க்குப் பொத்தான். மணிகளை அதன் கீழே கோத்தாள். பாட்டி இப்போது இல்லை, அந்தத் துணியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "பெட்டி வாசனைதான் வருது" என்றாள், டிரங்குப் பெட்டியைச் சொன்னாள். பெட்டியில் வந்த வெல்வெட் துணிக்கு எங்கிருந்து வரும் இது.

முடிச்சுப் படத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன் இல்லையா, அது நியாயமான மதிப்பெண். இரு முனைகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் சுற்றிக் கட்டுகிற நகரும் முடிச்சை நாலே படத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், கொக்கியே தேவையில்லை, ஒரு விதமாக இழுத்தால் பெரிதாகும், இன்னொரு விதமாக இழுத்தால் சிறிதாகும். ஆனால் பிள்ளைகள் கழுத்துக்கு இதை அப்படியே போடாதீர்கள். மெழுகு ஏற்றிய மூவிழை நூல் எளிதில் அறாது, கதவுப் பிடியிலோ கட்டில் கம்பியிலோ மாட்டினால் நூல் அறுவதற்கு முன்னால் கழுத்துதான் இறுகும். நாங்கள் பின்கழுத்துப் பக்கம் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அங்கே வெறும் ஒற்றைத் தையல் நூலால் இணைத்தோம். வெடுக்கென்று இழுத்தால் அது மட்டும் பட்டென்று அறும். இரண்டு தடவை இழுத்து அறுத்துப் பார்த்த பிறகுதான் போடக் கொடுத்தேன். தூங்கும்போது கழற்றித் தலைமாட்டில் மாட்டிவிடவேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

கைக்குழந்தைக்கு என்றால் கழுத்திலும் வேண்டாம், கையிலும் வேண்டாம். பெட்டியின் மேல் சிரிக்கிற குழந்தையின் கழுத்தில் மணிமாலையோடு படம் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் போடுகிற மாலைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரிக்கை விட்டது, பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று பகல் தூக்கத்தில் அம்பர் என்ற மரப்பிசின் மணிமாலை இறுகி இறந்துபோனதையும் அதில் சொல்லியிருந்தார்கள். குழந்தைக்குச் செய்ய ஆசையாக இருந்தால் கை எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள், அல்லது அம்மா தன் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

கையேட்டில் 'சாதாரணப் பொருட்களில் சக்தி தங்காது' என்று ஒரு வரி இருக்கிறது. இதை எழுதியவர் மேல் எனக்குக் கோபமே வந்தது. பழைய ரோமில் சிறுவர்கள் பருவம் அடையும் வரை கழுத்தில் புல்லா என்ற காப்பு அணிந்தார்கள், பணக்காரப் பிள்ளைக்குப் பொன்னில், ஏழைப் பிள்ளைக்குத் தோல் வாரில் போட்ட முடிச்சு. அந்த முடிச்சைப் போட்ட அம்மாவுக்குப் பிள்ளை மேல் அக்கறை குறைவா? லண்டனில் எட்வர்ட் லவெட் என்ற வங்கி ஊழியர் நூறு வருடத்துக்கு முன்னால், சாதாரண மக்கள் சட்டைப்பையிலும் கழுத்திலும் வைத்திருந்த காப்புப் பொருட்களைத் தெருத் தெருவாகப் போய்ச் சேகரித்தார். மார்ச்சளி வராமலிருக்கக் குழந்தைகள் கழுத்தில் போட்ட மலிவான நீலக் கண்ணாடி மணிமாலைகள், போருக்குப் போனவர்களிடம் இருந்த சின்னச் சின்னத் துண்டுகள், இப்படி. 2004இல் அதே லண்டனின் கிரீன்விச் பகுதியில் மண்ணுக்கு அடியிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு ஜாடி ஒன்று மூடியபடியே கிடைத்தது, சூனியத்துக்கு எதிராகப் புதைத்தது. உள்ளே இருந்தவற்றில் சில, வளைந்த இரும்பு ஆணி, பித்தளைக் குண்டூசி, தலைமுடி, வெட்டிய நகம், இதயம் மாதிரி கத்தரித்த தோல் துண்டு. வீட்டில் தேடினால் கிடைக்காத பொருள் எதுவுமே இவற்றில் இல்லை. பயந்துபோன ஒருவர், கையில் என்ன கிடைத்ததோ அதை வைத்துச் செய்திருக்கிறார்.

'ஏழு நாளில் பலன்', 'நோய் அண்டாது' என்றும் பெட்டியின் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள். இப்படி எழுதுவது தவறு. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம்தான் போகவேண்டும், தாயத்து அதற்கானது இல்லை. நான் தாயத்தை நம்புகிறேனா என்று அக்கா கேட்டாள். ஒரு பிள்ளை தன் பயத்தைத் தன் கையெழுத்தில் எழுதி, சுருட்டி, மெழுகில் மூடி, பாட்டி துணிக்குள் வைத்துத் தைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதை நம்புகிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி பொருள் எப்படி உழைத்தது என்று. ஆறு வாரம் ஆயிற்று. முதல் இரவு விளக்கை அணைக்க விடவில்லை, இரண்டாவது இரவும்தான். நாலாவது இரவு அவளே எழுந்து அணைத்தாள், கதவு மட்டும் திறந்திருக்கவேண்டும் என்றாள். இப்போதும் கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் அக்கா தன் அறையில் தூங்குகிறாள். பை ஒரு தடவை சட்டையோடு சேர்ந்து துவைக்கப் போய்விட்டது, பிள்ளை அழுத அழுகைக்கு அளவே இல்லை, பையைப் பிரித்துப் பார்த்தால் துணிதான் நனைந்திருந்தது, சுருளின் மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. ஒற்றை நூல் இணைப்பு விளையாட்டில் இரண்டு தடவை அறுந்தது, அறுவதற்குத்தானே வைத்தோம், ஒரு நிமிடத்தில் மறுபடி கட்டிக்கொள்கிறாள். புடவைத் துணியின் ஊதா நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

எனக்காகவும் ஒன்று செய்து கொடுத்தாள், போன வாரம், பெட்டியைத் தொடவே இல்லை, மெழுகுகூட மெழுகுவத்தியிலிருந்து எடுத்ததுதான். சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன், பையில் கை விட்டால் முதலில் அதுதான் தட்டுப்படுகிறது. "பிரிக்கக் கூடாது சித்தி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் துணி வழியாகச் சுருள் நிழலாகத் தெரிகிறது, என்னுடையதைக் கொஞ்சம் தடிமனாகவே சுருட்டியிருக்கிறாள், நிறைய எழுதியிருப்பாள் போல.